கூலிப்படையில் யார் சாவது?

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பாத்ரூம் குழாய் கையோடு வந்துவிட்டது. ஒரு பழைய துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டுக் கதை விவாதத்துக்கு ஓடினேன். அங்கேயும் எனக்கு அதே வேலைதான். ஒழுகுகிற இடமாகப் பார்த்துத் துணி சுற்ற வேண்டும்.

படத்தில் ஐந்து கதாநாயகர்கள். ஐந்து பேரும் கூலிப்படை. யார் கூலி கொடுக்கிறார்கள், எந்த நாட்டில், யாரை எதற்காகச் சுடுகிறார்கள் என்று வசனம் எழுதுகிறவள் என்ற முறையில் கேட்டேன். "அதெல்லாம் போகப் போகத் தெரியும் மேடம். இது முக்கியமா தோழமை பத்தின படம்" என்றார் இயக்குநர். தோழமையைப் பற்றிப் பேச ஐந்து பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஐந்து மேனேஜர்கள் வந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஒட்டாமல், நடுவில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

இங்கே யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கே மரியாதை வந்து தொலைக்கும். பெரியவர் (விக்). மீசை. கூலிங்கிளாஸ் (தூங்கும்போதும் கழற்ற மாட்டார் போலிருக்கிறது). உடம்பு. சின்னவர் (ஐம்பதைத் தொட்டாயிற்று, இருந்தாலும் சின்னவர்). ஐந்து பேருக்கும் வசனம் சமமாக இருக்க வேண்டும். அடிப்பதும் சமமாக. வாங்குவதற்கு மட்டும் ஆள் கிடையாது.

என் வீட்டுக்காரருக்கும் படத்தில் ஒரு வேடம். கூலிப்படையின் வேன் டிரைவர். வசனம் இல்லை. நான்தான் வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்காரருக்கு வேடம் கேட்க என்ன வெட்கம்? சின்னவர் தன் நாய்க்குக் கேட்டிருக்கிறார்.

இவருடைய தொழில் நடிப்பு என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் இவருடைய தொழில் சாவது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே செத்துக்கொண்டிருக்கிறார். காவலாளி, வில்லனின் ஆள், வங்கி வரிசையில் நின்றவர், கதாநாயகனுடைய நண்பனின் நண்பன். இடைவேளை வரை தாங்கியது அபூர்வம். மகள் சின்ன வயதில், தியேட்டரில் இவர் மாடியிலிருந்து விழுந்ததைப் பார்த்து வீறிட்டு அழுதாள். பக்கத்து சீட்டில் இருந்த இவர்தான் அவள் வாயில் மிட்டாயைத் திணித்துச் சமாதானம் செய்தார். இப்போது காலேஜ் போகிறாள். சாயங்காலமானால் இவருக்குப் போன் போட்டு, "அப்பா, செத்தாச்சா?" என்பாள். வேலை முடிந்ததா, சாப்பிட வீட்டுக்கு வருவீர்களா என்று அர்த்தம்.

இதுதான் கடைசிப் படம் என்று சொல்லிவிட்டார். முடிந்ததும் என் அண்ணனின் டயர் கடையில் போய் உட்காரப் போகிறார். அண்ணன் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார். இவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த ஒரு படத்துலயாவது கடைசி வரைக்கும் உயிரோட இருக்கற மாதிரி எழுதேன். அது போதும்." அதனால்தான் டிரைவர். வேனை விட்டே இறங்காத ஆளை யார் கொல்லப் போகிறார்கள்?


மார்ச் 6, வியாழன்

கிளைமாக்ஸில் ஒரு பழைய பாலம் வருகிறது. எதிரிகள் துரத்துகிறார்கள். ஒருவன் பாலத்தில் நின்று அவர்களைத் தடுத்தால்தான் மற்றவர்கள் அக்கரைக்குத் தப்ப முடியும். நிற்கிறவன் செத்துப்போவான். இந்தப் படத்தில் நான் உருப்படியாக எழுதியது அந்த ஒரு காட்சிதான். பெரியவருக்கு என்று எழுதியிருந்தேன்.

பெரியவரின் மேனேஜர் அவருடைய மச்சான். படித்து முடித்ததும் பேப்பரை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"சார் சாக மாட்டாரும்மா."

"கதைக்கு அது..."

"கதை சாகட்டும். சார் சாக மாட்டார்."

சரி, மீசை சாகட்டும் என்றார் இயக்குநர். மீசையின் அம்மாவுக்கு இப்போதுதான் இதய ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம், பெற்ற மகன் சாவதை அந்த அம்மா பார்க்கலாமா என்று அவருடைய மேனேஜர் என்னையே கேட்டார். கூலிங்கிளாஸுக்கு இந்த வருஷம் மகள் கல்யாணம், ஆகவே சாவு ஒத்துவராது. சின்னவர் இப்போதுதான் மேலே வந்துகொண்டிருக்கிறாராம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறார்.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது உடம்பின் மேனேஜர். "போன படத்துல சார் மேல ஹெலிகாப்டரே விழுந்துச்சு. தட்டி விட்டுட்டு எழுந்து நடந்தார். இப்ப ஒரு துப்பாக்கிக் குண்டுல செத்தா ஜனங்க நம்புவாங்களா?"

பேனாவை மூடி வைத்தேன்.


மார்ச் 7, வெள்ளி

குழாய் ரிப்பேர்காரர் வரவில்லை. துணி மாற்றினேன்.


மார்ச் 11, செவ்வாய்

"யாராவது செத்துத்தான் ஆகணும். பாலம் செட்டு போட ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் இயக்குநர். ஐந்து மேனேஜர்களும் கூரையைப் பார்த்தார்கள். மின்விசிறி சுற்றுவதை இவ்வளவு அக்கறையாகப் பார்த்த ஆட்களை நான் கண்டதில்லை. கடைசியில் பெரியவரின் மச்சானுக்குத்தான் அந்த யோசனை உதித்தது.

"அந்த வேன் ஓட்றவன் ஒருத்தன் வர்றான்ல?"

அத்தனை முகத்திலும் வெளிச்சம் வந்தது. காலி நாற்காலிகளைத் தாண்டிக் கை குலுக்கிக்கொண்டார்கள். ஒருவர் எல்லாருக்கும் டீ சொன்னார். தோழமை என்றால் என்ன என்று இன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

நானும் விடவில்லை. "டிரைவர் செத்தா வேனை யார் ஓட்டறது?"

"சார் ஓட்டுவார்."

"டிரைவரை யாருக்கும் தெரியாதே. அவன் செத்தா யாருக்கு வலிக்கும்?"

"வலிக்கவே வேணாமே மேடம். செத்தா போதும்."

சாகும்போது அவனுக்கு வசனம் இருக்கக் கூடாது, முகத்தைக் கிட்டத்தில் காட்டக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதற்குமேல் பேசினால் வீட்டுக்காரருக்காகப் பேசுகிறாள் என்பார்கள். அது உண்மையும்கூட.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சிரித்தார். "சாவுதானே? பழகின வேலை." பிறகு சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினார். மகள், "இதுலயுமாப்பா?" என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. கண்ட கண்ட தடியன்களுக்கெல்லாம் ஆயுசு எழுதுகிறேன், கட்டிய மனுஷனுக்கு ஒரு கடைசிக் காட்சி எழுத வக்கில்லை. என்ன எழுத்துக்காரி நான்?


மார்ச் 19, புதன்

முதல் நாள் படப்பிடிப்பு. காலியான ஒரு தொழிற்சாலை. ஐந்து பேரும் புகைக்குள்ளிருந்து தோளோடு தோள் சேர்ந்து நடந்து வந்து வேனில் ஏற வேண்டும். மீசை காலையில் வந்து தன் பங்கு நடையை நடந்துவிட்டுப் போனார். கூலிங்கிளாஸ் அவர் போன பிறகுதான் காரை விட்டு இறங்கினார். மற்றவர்களுக்குப் பதிலாக டூப்கள் முதுகைக் காட்டி நடந்தார்கள். பெரியவர் காலையிலேயே வந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகும் வரவில்லை. விக் உட்கார மாட்டேன் என்கிறதாம்.

அதுவரை எல்லாரும் வெயிலில் காய்ந்தோம். இவர் மட்டும் வேனில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. டிரைவருக்கு நான் எழுதியிருந்தது ஒரே ஒரு குணம்தான். ஆட்கள் வந்து ஏறும்வரை எஞ்சினை நிறுத்த மாட்டான். கேமராமேன் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பார்க்கக் கேமராவை ஓடவிட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தார். இவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "எஞ்சினை நிறுத்துங்களேன். ஒரே புகை."

"எப்ப வருவாங்கன்னு தெரியாதே. வந்தா உடனே கிளம்பணும்ல?"

"இப்ப யாருங்க உங்களைப் பாக்கறாங்க?"

"யாரும் பாக்கலன்னா டிரைவர் எறங்கிப் போயிடுவானா?"

டீயைக் குடித்துவிட்டுப் பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தார். பைத்தியம் என்று திட்டிவிட்டு வந்தேன்.


மார்ச் 27, வியாழன்

ஐந்து பேரும் ஒரே நாளில் கிடைக்க மாட்டார்கள் என்பது உறுதியாகிவிட்டது. ஆகவே ஒருவர் நடிக்கும்போது மற்ற நான்கு பேருக்குப் பதிலாக இவர் எதிரே நிற்கிறார். வேன் எல்லாக் காட்சியிலும் உண்டு, அதனால் தினமும் வருகிற ஒரே ஆள் இவர்தான். அவர்களுடைய வசனத்தையெல்லாம் கேமராவுக்குப் பின்னால் இருந்து இவர்தான் எடுத்துக் கொடுக்கிறார்.

இன்றைக்கு உடம்பு இவரைக் கட்டிப் பிடித்து, "நீ என் கூடப் பொறக்காத அண்ணன்டா!" என்று தோள் நனைய அழுதார். கட் சொன்னார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே உதவி இயக்குநரிடம், "யாரு இவரு?" என்றார்.


ஏப்ரல் 2, புதன்

இன்றைக்குப் பாலம்.

டிரைவர் சாவதைப் பார்க்க ஐந்து பேரில் ஒருவரும் வரவில்லை. டூப்கள் வேனிலிருந்து குதித்து அக்கரைக்கு ஓடினார்கள். காட்சிப்படி டிரைவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொண்டே சாக வேண்டும். இவர் இயக்குநரிடம் போய், "சார், துப்பாக்கி வேணாமே. அவன் டிரைவர்தானே?" என்றார். "என்னவோ பண்ணுங்க, வெளிச்சம் போறதுக்குள்ள முடிங்க" என்று இயக்குநர் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

வேனைப் பாலத்தின் குறுக்கே நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை லேசாகத் திருப்பி, அவர்கள் ஓடுகிற பக்கம் தெரியும்படி வைத்துக்கொண்டார். கடைசி ஆள் அக்கரை சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியைத் திருப்பினார். படம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்த எஞ்சின் நின்றது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். குண்டு பாய்ந்து வேனின் கண்ணாடிகள் உடைந்தன. அவ்வளவுதான். எப்போதும் கத்திக் கூப்பாடு போட்டு, உருண்டு புரண்டு சாகிறவர். அதற்குத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு ஒரு சத்தம் இல்லை.

லைட்மேன் விளக்கை அணைக்க மறந்து நின்றார். கிட்டத்தில் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் கேமராமேன் முகத்தை எடுத்துவிட்டார். இவர் செத்து நான் அழுதது இதுதான் முதல் தடவை. எழுதினவளே அழலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை, அழுதேன்.

சட்டையில் இருந்த கண்ணாடித் தூளைத் தட்டிக்கொண்டே வந்தார். "சரியா இருந்துச்சா?" அதற்குள் போன். மகள்தான்.

"செத்தாச்சும்மா. வந்துட்டே இருக்கோம்."


ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தார். டயர் கடையில் இவருக்கு என்று சுழலும் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறாராம். "மாப்ள, அங்க உங்கள யாரும் மாடியிலேர்ந்து தள்ளி விட மாட்டாங்க. காத்து அடிச்சோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருக்கலாம்." நல்ல மனசோடுதான் சொன்னார். இவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். டப்பிங் எல்லாம் முடியட்டும் என்றார். வசனமே இல்லாதவருக்கு எந்த டப்பிங் என்று அண்ணன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகிற போக்கில் அண்ணன் பாத்ரூம் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார்.


ஜூலை 12, சனி

கொஞ்சம் பேரை மட்டும் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சின்ன வேடக்காரர்களுக்கு அழைப்பு இல்லை. இவர் வரவில்லை.

ஹெலிகாப்டர், வெடி, ஐந்து பேரும் நடந்து வருவது, மறுபடி நடந்து வருவது. ஜனங்கள் சோளப்பொரி கொறித்தார்கள், பேசினார்கள், ஒருவர் குறட்டையே விட்டார். பாலம் வந்தது. எஞ்சின் நின்றதும் அரங்கில் கொறிக்கிற சத்தமும் நின்றது. விளக்குப் போட்டபோது முன் வரிசையில் ஒரு முரட்டு ஆள் கைக்குட்டைக்குள் முகத்தை வைத்திருந்தார். கழிப்பறை வாசலில் இரண்டு பெண்கள், "அந்த டிரைவர் யாருடி?" என்று கேட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

ஐந்து மேனேஜர்களும் கடைசி வரிசையில் இருந்தார்கள். படத்தை அவர்கள் பார்க்கவில்லை. அழுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.


ஜூலை 15, செவ்வாய்

இயக்குநர் அவசரமாகக் கூப்பிட்டார். போனால், ஐந்து மேனேஜர்களும் ஆஜர்.

"சாருக்குச் சாவு வேணும்" என்றார் பெரியவரின் மச்சான்.

நான் காதைத் தேய்த்துக்கொண்டேன்.

"மொதல்ல எழுதினப்ப பாலத்துல சார்தானே சாகறதா இருந்துச்சு? அது எங்க சாவும்மா. நடுவுல யாரோ எடுத்துக்கிட்டாங்க."

யாரோ! அவர் வாயால்தான் எடுத்துக் கொடுத்தார். சொல்வதற்குள் மீசையின் மேனேஜர் எழுந்துவிட்டார். மீசையின் அம்மா உடம்பு தேறிவிட்டார்கள், மகன் சாவதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றார். கூலிங்கிளாஸ் மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, இனித் தாராளமாகச் சாகலாம். சின்னவர் செத்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியுமாம். உடம்பின் மேனேஜர் கடைசியாக, "ஹெலிகாப்டர்லயே சாகாதவர் செத்தா எவ்ளோ அதிர்ச்சியா இருக்கும், யோசிங்க" என்றார்.

ஒரு சாவுக்கு ஐந்து பேர் அடித்துக்கொண்டார்கள். தீர்ப்பு: ஐந்து பேரும் சாகலாம். ஆளுக்கு ஒரு இடம், சம நேரம். பாலம் பெரியவருக்கு. ஆனால் வேனில் உட்கார மாட்டார், ஜீப் வேண்டும். அந்தக் கண்ணாடி திருப்புகிற விஷயம் மட்டும் அப்படியே வேண்டும்.

"அப்ப டிரைவர்?" என்று கேட்டேன்.

"ஒரே பாலத்துல ரெண்டு சாவு எதுக்கு? தூக்கிடுங்க."

வெட்கம் கெட்டவர்கள். உயிரோடு இருக்க விடவில்லை. சரி என்று செத்தார். இப்போது செத்ததும் கூடாதாம். என்னதான் விட்டு வைப்பார்கள் ஒரு மனுஷனுக்கு?


ஜூலை 16, புதன்

சொன்னேன். இந்த முறை இவர் சிரிக்கவில்லை.

"ஜனங்க அழுதாங்கன்னு சொன்னல்ல?"

"அழுதாங்க."

"நெஜமாவா, எனக்காகச் சொல்றியா?"

"சத்தியமா. பெரிய பெரிய ஆம்பளைங்க."

"நான் பாக்கவே இல்லயே" என்றார். பிறகு அண்ணனுக்குப் போன் செய்து அக்டோபர் முதல் தேதியிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.


ஜூலை 21, திங்கள்

ஐந்து சாவையும் எழுதி முடித்தேன். முடிந்ததும் ஒரு தடவை முழுக்கப் படித்தேன். மறுபடி படித்தேன்.

தொழிற்சாலையில் ஒருவர், கூரையில் ஒருவர், தண்ணீரில் ஒருவர், படிக்கட்டில் ஒருவர், பாலத்தில் ஒருவர். எல்லாரும் ஒழிந்தார்கள். டிரைவரைக் கொல்ல மட்டும் யாரும் ஆள் அனுப்பவில்லை. அவன் எங்கேயோ வேனில் உட்கார்ந்து எஞ்சினை ஓட விட்டுக்கொண்டிருக்கிறான்.

ஐந்து மேனேஜர்களும் வந்து படித்தார்கள். அவரவர் சாவை மட்டும் படித்துவிட்டு மிச்சப் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. ஆசை காட்டி மோசம் செய்ய எனக்கு இனித் தெம்பு கிடையாது.


ஆகஸ்ட் 8, வெள்ளி

சாவு வாரம் முடிந்தது.

உடம்பு சட்டையில்லாமல்தான் சாவேன் என்றார். பனி பெய்கிற காட்சி, பரவாயில்லை. மீசை குண்டு பட்ட பிறகு பேச ஆரம்பித்து, சுட்டவனே சலித்துப்போய் உட்காரும் அளவுக்குப் பேசினார். கூலிங்கிளாஸ் கண்ணாடியைக் கழற்ற மறுத்ததால் செத்தாரா இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை. பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து, "செத்துட்டார்" என்று சொல்ல வைத்தோம். சின்னவர் தண்ணீருக்குள் மெதுவாக மூழ்கினார். பின்னாலேயே நாய் குதித்தது. நாய்க்கு வேடம் கிடைத்துவிட்டது.

பெரியவர் ஜீப்பில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினார். அக்கரை தெரிகிற மாதிரி இல்லை, தன் தலைமுடி தெரிகிற மாதிரி. மூன்று தடவை எடுத்தும் அதே பக்கம்தான் திரும்பியது.


ஆகஸ்ட் 27, புதன்

எடிட்டர் அறை. அவள் எரிச்சலில் இருந்தாள். "வரிசையா அஞ்சு சாவு. அதோட விளக்கப் போட்டா ஜனங்க என்ன பண்ணுவாங்க? மூச்சு விட ஒரு ஷாட் வேணும் சார்."

"டைட்டில் போட்டுடு" என்றார் இயக்குநர்.

என் வாய் தானாகத் திறந்தது. "முதல் நாள் கேமரா சும்மா ஓடிட்டிருந்துதே, அது இருக்கா?"

அவள் தேடி எடுத்தாள். வேன். புகை. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. கண்ணாடியில் பார்க்கிறார். பக்கத்து சீட்டில் படிந்த தூசியைக் கையால் துடைக்கிறார். மறுபடி கண்ணாடியில் பார்க்கிறார். எஞ்சின் ஓடுகிறது. யாரும் வரவில்லை.

இயக்குநர் போனைக் கீழே வைத்தார். "இத எப்ப எடுத்தோம்?"

"பெரியவருக்கு விக் உட்காரலன்னு காத்திருந்தோமே சார், அப்ப."

அவர் எடிட்டரைப் பார்த்தார். "எவ்ளோ நேரம் இருக்கு?"

"நெறைய இருக்கு சார். அன்னிக்கு அவர் வந்ததே சாப்பாட்டுக்கு அப்புறம்தானே?"

கடைசியில் வைத்துவிட்டாள். ஐந்து மேனேஜர்களும் வந்து, அவரவர் சாவு வந்ததும் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். பாலம் கடைசி. பெரியவர் செத்ததும் அவருடைய மச்சானும் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.


அக்டோபர் 1, புதன்

இவர் டயர் கடைக்குப் போனார். நீலச் சட்டை. சாயங்காலம் மகள் பழக்கத்தில் போனை எடுத்தவள், என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டாள்.


அக்டோபர் 10, வெள்ளி

முதல் நாள், முதல் காட்சி. கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு இவர் வந்தார். வரவே மாட்டேன் என்றவரை மகள்தான் இழுத்து வந்தாள்.

முதல் சாவுக்கு உச்சுக்கொட்டினார்கள். மூன்றாவது சாவுக்குச் சிரித்தார்கள். நாய் குதித்தபோது விசில். பெரியவர் கண்ணாடியில் முடியைப் பார்த்தபோது பின்னால் ஒருவன், "சீப்பு வேணுமா?" என்று கத்தினான். கொட்டகையே அதிர்ந்தது. எல்லாரும் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது வேன் வந்தது.

நடைபாதையில் இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். எஞ்சின் சத்தம் மட்டும்தான். இவர் கண்ணாடியில் பார்க்கிறார், சீட்டைத் துடைக்கிறார், மறுபடி பார்க்கிறார். எனக்குப் பின்னால் ஒரு அம்மா, "ஐயோ, இவன்கிட்ட யாருமே சொல்லலயே" என்றாள்.

நான் இவர் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. மகள் திரையைப் பார்த்தபடியே, "அப்பா, சாகல" என்றாள். "சாகல, இன்னும் இருக்கீங்க." இருட்டுத்தான், இருந்தாலும் மூன்று பேருமே அழுதோம் என்று எழுதி வைக்கிறேன்.

வெளியே வந்ததும் என் காதோரம் வந்து, "அன்னிக்கு எனக்கு ஒரே பசிடி. எப்பச் சாப்பாடு வரும்னு கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். இதை எங்கேயும் உளறி வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.


அக்டோபர் 17, வெள்ளி

எங்கே திரும்பினாலும் அந்த வேன்தான். பெரியவரின் விக்கை விட அதிகமாகப் பேசுகிறார்கள். டயர் கடைக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. இவர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன்தான் எடுக்கிறார். "மாப்ள இப்ப பிசியா இருக்காருங்க, நான் பேசிட்டுச் சொல்றேன்." குரலே மாறிவிட்டது என்கிறார் இவர்.

தயாரிப்பாளர் இரண்டாம் பாகம் எடுக்கிறார். ஐந்து மேனேஜர்களும் அவரிடம் ஓடினார்களாம். சாருக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு, சாருக்கு அது வெறும் மயக்கம்தான், சாரைத் தண்ணீரிலிருந்து நாய் காப்பாற்றிவிட்டது. கூலிங்கிளாஸின் ஆள் மட்டும், சார் செத்ததாகப் படத்தில் பக்கத்தில் நின்றவன் சொன்னான், அவன் பொய் சொல்லியிருக்கலாமே என்று கேட்டிருக்கிறார். அது மட்டும் நல்ல கேள்வி.

"எல்லாரும் செத்தது செத்ததுதான். நீங்க கேட்டு வாங்கின சாவு" என்றாராம் தயாரிப்பாளர். "மிச்சம் இருக்கறவர் ஒருத்தர். அவர வெச்சுத்தான் கதை."


நவம்பர் 20, வியாழன்

இரண்டாம் பாகம், கதை விவாதம். டிரைவர் புதிதாக ஒரு கூலிப்படையைச் சேர்க்கிறான். புதுக் கதாநாயகர்களின் புது மேனேஜர்கள் நாற்காலி விட்டு நாற்காலி உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையின் நடுவில், இஸ்திரி போட்ட சட்டையும் புதுக் கறுப்புக் கண்ணாடியுமாக, என் கூடப்பிறந்த அண்ணன். கடையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். ஆள் போட்டிருக்கிறாராம். அந்தச் சுழலும் நாற்காலியில்.

கிளைமாக்ஸில் ஒரு சுரங்கப்பாதை. ஒருவன் நின்றால்தான் மற்றவர்கள் தப்பலாம். இயக்குநர் வாயைத் திறந்ததுமே எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அண்ணன் பார்க்கவில்லை. பேப்பரை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"மாப்ள சாக மாட்டாரும்மா."

"அண்ணே, கதைக்கு..."

"கதை சாகட்டும்."

யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே வந்துவிடும் போலிருக்கிறது.


நவம்பர் 21, வெள்ளி

சாயங்காலம் இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய பாத்திரம். எனக்குப் புரிந்துவிட்டது. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல." தட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். "அந்தச் சுரங்கத்துல ஒருத்தன் நிக்கறான்ல. அது நானா இருந்தா எப்படி இருக்கும்?"

"உயிரோட இருக்கணும்னு கேட்டது நீங்கதானே?"

"இருந்து பாத்தாச்சே." பிறகு மெதுவாக, "அந்தப் பாலத்துல பண்ணினத இப்ப எங்கயும் யாரும் பாக்க முடியாதுல்ல? நானே பாக்கல. இன்னொரு தடவை எழுதேன். நல்லா பண்ணுவேன்."

"அண்ணன் ஒத்துக்க மாட்டார்."

"அவர்கிட்ட எதுக்குச் சொல்ற?"

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா கேக்கறத எழுதிக் குடும்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வேனைக் குறுக்கே நிறுத்தியாயிற்று. கண்ணாடியைத் திருப்பியாயிற்று. சாவியைத் திருப்புகிற இடத்துக்கு வந்தபோது அண்ணனிடமிருந்து போன். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன்.